நத்தையோடு போரிட்ட வீரர்: ஐரோப்பியக் கலையில் நைட்

'நைட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவத்துக்குச் சிறுவன் என்றும் ஏவலாள் என்றுமே பொருள். அதே வீரனைப் பிரெஞ்சு மொழி 'ஷெவாலியே' என்றும் ஜெர்மன் மொழி 'ரிட்டர்' என்றும் அழைத்தன. குதிரை ஏறியவன் என்பதற்கு மேல் அச்சொற்களுக்கும் தொடக்கத்தில் உயர்ந்த பொருள் எதுவும் இல்லை. நிலமோ கூலியோ பெற்றுக்கொண்டு தன் தலைவனுக்காகக் குதிரைமேல் அமர்ந்து போரிட்ட இந்த ஆள், 11ஆம் நூற்றாண்டுக்கும் 13ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் படிப்படியாக உயர்குடியினன் ஆனான்; திருச்சபை அவன் வாளுக்கு ஆசி வழங்கியது, அரசவைப் பாவலர்கள் அவனுக்குக் காதலையும் பண்பையும் கற்பித்தார்கள், போர்க்களத் துணிவு, தலைவனிடம் விசுவாசம், எளியோரைக் காத்தல், பெண்டிரிடம் பணிவு ஆகியவை அடங்கிய 'ஷிவல்ரி' எனும் வீரநெறி அவனுக்கு உரியதென வகுக்கப்பட்டது. அந்நெறி எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கப்பட்டது என்பது வேறு கேள்வி. ஆனால் துணியிலும் கல்லிலும் தோலேட்டிலும் திரைப்படச் சுருளிலும் ஏறத்தாழ 950 ஆண்டுகளாக ஐரோப்பியர் இவனுக்குக் கொடுத்துவந்த உருவங்களை வரிசையாக வைத்துப் பார்ப்பவருக்கு ஒரு விந்தை புலப்படும்: நைட்களோடு ஒரே ஊரில் வாழ்ந்தவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரிக்கத் தயங்கவில்லை, அவர்களை ஒருபோதும் கண்டிராத பிற்காலத்தவரோ பெரும்பாலும் சிரிப்பை விட்டுவிட்டுத் தொழத் தொடங்கினார்கள்.

வரிசையின் தொடக்கத்தில் வைக்கத் தக்கது, பிரான்ஸின் நார்மண்டிப் பகுதியிலுள்ள பாயோ நகரின் புகழ்பெற்ற துணி. 1066இல் நார்மண்டிக் கோமகன் வில்லியம் இங்கிலாந்தின் மீது படையெடுத்து, ஹேஸ்டிங்ஸ் போரில் மன்னன் ஹெரால்டை வென்ற கதையை, ஏறத்தாழ 70 மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் உள்ள லினன் துணியில் வண்ணக் கம்பளி நூலால் சொல்வது அது. 'டேப்பஸ்ட்ரி' என்று பெயர் வழங்கினாலும், அது தறியிலேயே உருவம் சேர்த்து நெய்யப்பட்டதன்று, ஊசியால் தைத்த பூத்தையல். போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள், வில்லியத்தின் தாய்வழிச் சகோதரரும் பாயோவின் ஆயருமான ஓடோவுக்காக, இங்கிலாந்தில் தைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களிடையே பரவலான கருத்து. அதைத் தீட்டியவர்களுக்குப் போர்க்கருவிகள் பழக்கமானவை என்பது தெளிவு. கூம்பு வடிவத் தலைக்கவசமும், அதிலிருந்து மூக்கை மறைக்க மட்டும் இறங்கும் ஒற்றைப் பட்டையும், இரும்பு வளையங்களை ஒன்றோடொன்று கோத்து முழங்கால் வரை தொங்கவிட்ட சங்கிலிக் கவசமும், காற்றாடியைப் போல் கீழே கூர்ந்து இறங்கும் கேடயமும் அதில் துல்லியமாக உள்ளன. சில வீரர்கள் ஈட்டியை எறிவதற்காகத் தலைக்குமேல் ஓங்குகிறார்கள், சிலர் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு பாய்கிறார்கள்; குதிரையின் வேகம் முழுவதையும் ஈட்டியின் நுனிக்குக் கொண்டுசெல்லும் இந்த இரண்டாவது முறையே பின்னர் நைட்டின் தனி அடையாளமாக நிலைத்தது.

அத்துணியில் உன்னதப்படுத்தல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. வென்றவரின் கதையை வென்றவருக்காகத் தைத்தது அது. ஆயினும் மேலே குதிரைகள் பாய்ந்துகொண்டிருக்கும்போதே கீழ் ஓரத்தில், செத்தவர்களின் தலைவழியாகச் சங்கிலிக் கவசத்தை உருவிக்கொண்டிருக்கிறார்கள் சிலர். உரிக்கப்பட்ட உடல்கள் ஆடையின்றிக் கிடக்கின்றன. ஒரு கவசத்தின் விலையைத் தெரிந்தவர்கள் மட்டுமே அதை அப்படி நினைத்துப் பார்த்திருக்க முடியும். இன்னொரு காட்சியில், வில்லியம் இறந்துவிட்டார் என்று களத்தில் வதந்தி பரவ, அவர் தம் தலைக்கவசத்தைப் பின்னுக்குத் தள்ளி முகத்தைக் காட்டுகிறார். ஒரு மூக்குப் பட்டையே ஒருவரை அடையாளம் தெரியாமல் ஆக்கிவிடும் என்றால், முகத்தை முழுவதும் மூடும் வாளி போன்ற தலைக்கவசம் 13ஆம் நூற்றாண்டில் பரவலானபோது என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கேடயத்திலும் கொடியிலும் குதிரையின் போர்வையிலும் குடும்பத்துக்குரிய நிறத்தையும் உருவத்தையும் தீட்டும் குலச்சின்ன முறை 12ஆம் நூற்றாண்டில் தோன்றி விரைந்து வளர்ந்ததற்கு இந்த மறைந்த முகமே முதன்மைக் காரணமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு; ஓவியர்களுக்கு அது பெரும் வரமாக அமைந்தது என்பதில் ஐயமில்லை. முகம் தேவையற்றுப்போன ஓர் உருவத்தை வரைய நிறம் மட்டும் போதும்.

அந்த நிறங்களின் திருவிழா என்று சொல்லத் தக்கது, 1300ஆம் ஆண்டுக்கும் 1340ஆம் ஆண்டுக்கும் இடையில் சூரிச் நகரில் உருவாகி, இன்று ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும் மனெஸ்ஸே சுவடி. காதல் பாடல்கள் இயற்றிய 140 பாவலர்களின் படைப்புகளைத் தொகுத்து, அவர்களுள் 137 பேருக்கு முழுப்பக்க ஓவியம் சேர்த்த தோல் நூல் இது; பேரரசரில் தொடங்கித் தகுதி வரிசைப்படி கீழே இறங்கும் அந்த அணிவகுப்பில் நைட்கள் ஈட்டியோடு மோதுகிறார்கள், மாடத்திலிருந்து பெண்கள் பார்க்கிறார்கள், சதுரங்கம் ஆடுகிறார்கள், குளிக்கவும் செய்கிறார்கள். உல்ரிக் ஃபான் லீஷ்டன்ஸ்டைன் என்ற பாவலர் கடல் அலைகளுக்கு மேல் குதிரை ஓட்டி வருகிறார். அவர் தலைக்கவசத்தின் உச்சியில் காதல் தெய்வமான வீனஸ் உட்கார்ந்திருக்கிறாள். இந்த ஓவியங்களைப் படைத்தவர்கள் காட்டுவது போரை அன்று, 'டூர்னமென்ட்' எனும் போர் விளையாட்டை. வீரர்கள் வீணாகச் சாகிறார்கள் என்பதால் 1130இல் திருச்சபை தடைசெய்து, பலனில்லாமல் 1316இல் தடையை நீக்கிக்கொண்ட விளையாட்டு அது.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் இர்ன்ஹம் என்ற சிற்றூரின் நிலவுடைமையாளரான சர் ஜெஃப்ரி லட்ரல் தமக்காகத் திருப்பாடல் நூல் ஒன்றைப் படியெடுக்கச் செய்தார். அதன் ஒரு பக்கத்தில் அவரே குதிரைமேல் அமர்ந்திருக்கிறார். மனைவி தலைக்கவசத்தை நீட்ட, மருமகள் கேடயத்தோடு காத்திருக்கிறார். லட்ரல் குடும்பத்தின் வெள்ளிப் பறவைச் சின்னம் அவர் மேலாடையில், தோள் தட்டில், ஈட்டிக் கொடியில், சேணத்தில், குதிரைப் போர்வையில், மனைவியின் ஆடையில் என்று எண்ணிக்கையின்றித் திரும்பத் திரும்ப வருகிறது. இந்நூலைச் செய்வித்தவர் இன்னார் என்று படத்துக்கு மேலே எழுத்திலும் இருக்கிறது. அப்போது ஐம்பது வயதை ஒட்டியோ கடந்தோ இருந்த அவர் எந்தப் போருக்கும் புறப்படவில்லை. தம் குடும்பப் பெயரை இறைவனின் நூலுக்குள் ஏற்றிவைக்கும் ஒரு நிலப்பிரபுவின் தற்பெருமை அது. ஆனால் அதே நூலின் ஓரங்களில் அவருடைய உழவர்கள் ஏர் ஓட்டுகிறார்கள், கதிர் அறுக்கிறார்கள், வால் முளைத்த விசித்திர உருவங்கள் கூத்தடிக்கின்றன.

இந்த ஓரங்கள் தனிக் கவனத்துக்கு உரியவை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சில பத்தாண்டுகளுக்கு, வடக்கு பிரான்ஸிலும் ஃபிளாண்டர்ஸிலும் இங்கிலாந்திலும் தயாரான வழிபாட்டு நூல்களின் ஓரத்தில், முழுக் கவசம் அணிந்த நைட் ஒருவர் நத்தையை எதிர்த்து நிற்கிறார். சில இடங்களில் அவர் வாளை ஓங்குகிறார். சில இடங்களில் வாளைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டுக் கைகூப்புகிறார். நத்தையோ கொம்பை நீட்டியபடி அசையாமல் இருக்கிறது. இங்கிலாந்தின் கார்ல்ஸ்டன் திருப்பாடல் நூலில் இந்தக் காட்சியைக் காணலாம். நத்தை என்பது அக்காலத்தில் வட்டித் தொழிலால் வெறுக்கப்பட்ட இத்தாலிய லம்பார்டியரைக் குறிக்கும் என்று லிலியன் ராண்டல் என்ற கலை வரலாற்றாசிரியர் 1962இல் ஒரு விளக்கம் தந்தார். கல்லறையிலிருந்து எழும் உயிர்த்தெழுதலின் உருவகம் என்றும், தாழ்ந்தோர் உயர்ந்தோரை வெல்லும் தலைகீழ் உலக நகைச்சுவை என்றும் வேறு விளக்கங்கள் உள்ளன. விளக்கம் எதுவானாலும், தன் வீட்டையே கவசமாகச் சுமந்து செல்லும் ஓர் உயிரும் தன் கவசத்தையே பெருமையாகச் சுமந்து செல்லும் ஒரு மனிதரும் நேருக்கு நேர் நிற்பதில் உள்ள வேடிக்கையை உணர அடிக்குறிப்பு வேண்டியதில்லை. இப்படத்துக்குப் பணம் கொடுத்தவர்களும் பெரும்பாலும் நைட் குடும்பங்களைச் சேர்ந்தவர்களே என்பதுதான் வியப்பு.

கல்லில் இத்தகைய சிரிப்புக்கு இடம் குறைவு. லண்டனில் 1185இல் திருநிலைப்படுத்தப்பட்ட டெம்பிள் தேவாலயத்தின் தரையில், 1219இல் மறைந்த வில்லியம் மார்ஷலுடையது எனக் கருதப்படுவது உட்படச் சில நைட்களின் சிலைகள் கிடந்த கோலத்தில் உள்ளன. 1941இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் கூரை எரிந்து விழுந்து அவை பெரிதும் சிதைந்தன. அவற்றுள் சில கால்மேல் கால் போட்டிருப்பதால் அவர்கள் சிலுவைப் போருக்குச் சென்றவர்கள் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. ஜெர்மனியின் மாக்டபர்க் பேராலயத்தில் ஏறத்தாழ 1240ஆம் ஆண்டைச் சேர்ந்த புனித மொரீஸ் சிலை இதைவிட வியப்பானது. எகிப்தியப் படைப்பிரிவொன்றின் தலைவராக இருந்து கிறித்தவத்துக்காக உயிர்விட்டவர் என்று மரபு கூறும் இப்புனிதரைச் சிற்பி ஆப்பிரிக்க முகத்தோடும் அன்றைய ஜெர்மானிய நைட்டின் சங்கிலிக் கவசத்தோடும் செதுக்கியிருக்கிறார். நைட் என்றாலே வெளுத்த முகம் என்ற எண்ணம் திரைப்படங்கள் நமக்குத் தந்தது. 13ஆம் நூற்றாண்டு மாக்டபர்க்குக்கு அப்படி ஒரு கட்டாயம் இருக்கவில்லை.

15ஆம் நூற்றாண்டில் சங்கிலியின் இடத்தைத் தகட்டுக் கவசம் பிடித்தது. உடலின் வளைவுகளுக்கு ஏற்ப அடித்து உருவாக்கிய எஃகுத் தகடுகளால் ஆன போர்க்களக் கவசம் ஒன்றின் மொத்த எடை பொதுவாக 20 முதல் 25 கிலோ. அது உடல் முழுவதும் பரவியிருந்ததால் பயிற்சி பெற்றவர் அதோடு ஓடவும் குதிரையில் தாமே ஏறவும் முடிந்தது. ஓவியர்களை ஈர்த்தது அதன் பளபளப்பு. ஃபுளோரன்ஸ் நகரப் படை 1432இல் சியெனாவை எதிர்த்து நின்ற சான் ரொமானோ போரைப் பாவ்லோ உச்செல்லோ மூன்று பெரிய பலகைகளில் தீட்டினார். அவை இன்று லண்டன், ஃபுளோரன்ஸ், பாரிஸ் ஆகிய மூன்று நகரங்களில் பிரிந்து கிடக்கின்றன. கவசங்களுக்கு அவர் வெள்ளி ரேக்கு ஒட்டினார். காலப்போக்கில் வெள்ளி கறுத்துவிட்டதால், ஒளிர வேண்டிய வீரர்கள் இன்று மங்கிய சாம்பல் நிறத்தில் தெரிகிறார்கள். தொலைவில் செல்லச் செல்லப் பொருள்கள் சிறுத்து ஒரு புள்ளியில் குவிவதைக் கணக்கிட்டு வரையும் முறை அப்போது புதியது. அதில் பித்துக் கொண்டிருந்த உச்செல்லோ, களத்தில் ஒடிந்து விழுந்த ஈட்டிகளைக்கூடக் கட்டம் போட்டாற்போல் ஒழுங்காக அடுக்கிவிட்டார். படைத்தலைவர் நிக்கோலோ தா தொலெந்தினோ தலைக்கவசம் இன்றி, சிவப்பும் பொன்னுமான பெரிய தொப்பியோடு வெள்ளைக் குதிரையில் போரை நடத்துகிறார். ரத்தம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஒப்பந்தம் எழுதிக் கூலிக்குப் போரிட்ட இத்தாலியத் தளபதிகளின் சச்சரவு ஒன்று, வணிகர் வீட்டுச் சுவருக்காகப் போர் விளையாட்டாக மாற்றப்பட்டிருக்கிறது.

வெடிமருந்தும் நீண்ட ஈட்டிகளோடு அணிவகுத்த காலாட்படையும் நைட்டின் போர்க்களப் பயனைக் குறைத்துவிட்ட பிறகுதான் அவனைப் பற்றிய மிக ஆழமான படம் பிறந்தது. 1513இல் ஆல்பிரெஷ்ட் டியூரர், செப்புத் தகட்டில் கூருளியால் கீறி, மை பூசித் தாளில் அழுத்தி எடுத்த அச்சு அது. இருண்ட பள்ளத்தாக்கில் நைட் ஒருவர் நேரே பார்த்தபடி போகிறார்; மணற்கடிகாரத்தை நீட்டும் சாவு அருகில் வருகிறது, பன்றி மூக்குச் சாத்தான் பின்தொடர்கிறது, வழியில் ஒரு மண்டையோடு கிடக்கிறது; அவர் எதையும் திரும்பிப் பார்ப்பதில்லை. கிறித்தவன் இறைவனின் படைவீரன் என்ற பழைய உருவகத்தைப் பலரும் இதில் காண்கிறார்கள். டியூரரோ தம் நாட்குறிப்பில் இதைக் 'குதிரைவீரன்' என்று மட்டுமே குறித்தார். அவ்வீரரின் கவசமும் புதிதன்று. 1498இல், ஜெர்மனியில் அக்காலத்துக் கவசம் இப்படி இருந்தது என்ற குறிப்போடு டியூரர் வரைந்து வைத்திருந்த படத்திலிருந்து எடுத்தது. பதினைந்து ஆண்டுப் பழைய கவசத்தில் அவர் சாவை நோக்கிப் போகிறார்.

அரசர்கள் அந்தப் பழமையைத் திட்டமிட்டுப் பயன்படுத்தினார்கள். 'கடைசி நைட்' என்று பிற்காலத்தவர் அழைத்த பேரரசர் முதலாம் மாக்சிமிலியன், தம் வாழ்வையே நைட் கதையாக்கி, 118 மரச்செதுக்கு அச்சுப் படங்களோடு 1517இல் 'தொயர்டாங்க்' என்ற நூலாக வெளியிட்டார். நைட்டைப் போற்றும் கதை, நைட்டின் உலகத்தை மாற்றிய அச்சு எந்திரத்தில் பரவியது. அவர் பேரன் ஐந்தாம் சார்லஸ் 1547இல் மூல்பர்க் போரில் வென்றதைத் திஷியன் மறு ஆண்டு பெரும் ஓவியமாக்கினார். மூட்டுகளை வாட்டும் கவுட் நோயால் அவதிப்பட்ட பேரரசர் அதில் தனியாக, ஈட்டியேந்தி, மாலை ஒளியில் கறுங்குதிரையை ஓட்டி வருகிறார். அந்தக் கவசம் இன்றும் மாட்ரிட் அரச ஆயுதக் காட்சியகத்தில் இருக்கிறது. 1605இல் செர்வான்டெஸின் 'டான் கிஹோட்டே' புதினம் வெளிவந்த பின் நைட் பைத்தியம் என்பது இலக்கியச் சிரிப்புக்கு உரியதாயிற்று. அடுத்த இருநூறு ஆண்டு ஓவியத்தில் அவனுக்குப் பெரிய வேலை இல்லை.

19ஆம் நூற்றாண்டு அவனை மீட்டது, இம்முறை சிரிப்பின்றி. ஆலைப்புகையும் ரயில் பாதையும் மூடிய இங்கிலாந்தில் வால்டர் ஸ்காட்டின் புதினங்களும் டென்னிசனின் ஆர்தர் மன்னர் கவிதைகளும் பரவ, பணக்காரர் வீட்டுச் சுவர்கள் கவசத்தால் நிரம்பின. 1839இல் ஸ்காட்லாந்தின் எக்லின்டன் பிரபு போர் விளையாட்டு ஒன்றை உண்மையாகவே நடத்தினார். பெருந்திரள் கூடியது, முதல் நாளே கொட்டிய மழையில் எல்லாம் நனைந்தது, குடை பிடித்த நைட்கள் கேலிச்சித்திரக்காரர்களுக்கு விருந்தானார்கள். பிரான்ஸில் லூயி ஃபிலிப் மன்னர் வெர்சாய் அரண்மனையில் சிலுவைப்போர் அறைகளைத் திறந்து, அப்போரில் முன்னோர் பங்கேற்ற குடும்பங்களின் சின்னங்களைச் சுவரில் ஏற்றப்போவதாக அறிவித்தபோது, அதை நிறுவும் போலிப் பழம் பத்திரங்களுக்கு ஒரு சந்தையே உருவாயிற்று. அதே அறைகளுக்காக 1840இல் டெலக்ருவா தீட்டியது, 1204இல் சிலுவைப் போர்வீரர்கள் கிறித்தவ நகரமான கான்ஸ்டான்டினோப்பிளைச் சூறையாடிய காட்சி. குதிரைகளின் காலடியில் முதியவர்களும் பெண்களும் கெஞ்சுகிறார்கள், வென்றவர்களின் முகத்தில் களைப்பைத் தவிர ஒன்றும் இல்லை. அரசு கேட்ட பெருமையை அவர் கொடுக்கவில்லை என்றே தோன்றுகிறது.

இங்கிலாந்து அவ்வளவு நேர்மையை விரும்பவில்லை. ஜான் எவரெட் மில்லே 1870இல் காட்சிக்கு வைத்த 'நாடோடி நைட்' ஓவியத்தில், கள்வர்களால் ஆடை பறிக்கப்பட்டு மரத்தில் கட்டப்பட்ட பெண்ணின் கட்டை ஒருவர் வாளால் அறுக்கிறார். முதலில் அப்பெண் தன்னை மீட்டவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை பண்புக்கு ஒவ்வாததென உறுத்த, படம் விலைபோகவில்லை. மில்லே தலையும் மேலுடலும் இருந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்ட புதிய உருவத்தை அங்கே தைத்துச் சேர்த்தார். வெட்டிய துண்டையும் வீணாக்கவில்லை; அதற்கு ஆடை உடுத்தி, கடல் ஏற்றத்தில் மூழ்கடிக்கப்பட்ட ஸ்காட்லாந்து மறைசாட்சி ஒருத்தியின் படமாக்கினார். ஊடுகதிர்ப் படம் எடுத்தபோது மறைசாட்சியின் ரவிக்கைக்கு அடியில் பழைய நிர்வாணம் வெளிப்பட்டது. எட்மண்ட் பிளேர் லெய்ட்டனின் 'பட்டமளிப்பு' (1901) இன்றும் வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது. அதில் அரசி ஒருத்தி மண்டியிட்ட இளைஞனின் தோளில் வாளை வைத்து நைட் ஆக்குகிறாள். உண்மையான இடைக்காலத்தில் அந்த வேலை பொதுவாக மன்னனுடையதோ பிரபுவுடையதோ ஆகும்.

புதிய கலையான ஒளிப்படமும் இதில் சேர்ந்தது. டென்னிசனின் அண்டை வீட்டாரான ஜூலியா மார்கரெட் கேமரன், அவருடைய ஆர்தர் கவிதைகளுக்காக 1874இல் உறவினரையும் தெரிந்தவர்களையும் வேடமிட வைத்துப் படமெடுத்தார். மந்திரவாதி மெர்லினாக அமர்ந்தவர் அவருடைய கணவர் சார்லஸ் ஹே கேமரன். 1833ஆம் ஆண்டு இலங்கை ஆட்சிச் சீர்திருத்தத்தால் கோல்புரூக்-கேமரன் என்று இலங்கைப் பாடநூல்களில் இன்றும் பெயர் வழங்கும் அதே கேமரன். மறு ஆண்டு இருவரும் இலங்கையிலுள்ள தங்கள் காப்பித் தோட்டங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஆர்தர் அவையைப் படமெடுத்தவர் அங்கே தோட்டத் தொழிலாளர்களையும் கிராமத்தவரையும் படமெடுத்தார். அவர்களுள் தமிழர்களும் இருந்தனர். ஜூலியா 1879இல் மலையகத்தின் திக்ஓயாப் பள்ளத்தாக்கில் இறந்து பொகவந்தலாவையில் அடக்கமானார்.

முதல் உலகப் போரின்போது புனித ஜார்ஜ் டிராகனைக் குத்தும் சுவரொட்டி பிரிட்டிஷ் இளைஞர்களைப் படைக்கு அழைத்தது. போன இடத்தில் இருந்தவை பதுங்குகுழியும் விஷவாயுவும். ஹூபர்ட் லன்ட்சிங்கர் 1930களின் நடுவில் ஹிட்லரையே வெள்ளிக் கவசமணிந்த கொடிதாங்கி நைட்டாகத் தீட்டினார்; போர் முடிந்தபின் அமெரிக்கப் படைவீரர் ஒருவர் துப்பாக்கிமுனைக் கத்தியால் அதன் முகத்தில் குத்திய துளையோடு அப்பலகை இப்போது அமெரிக்க ராணுவத்தின் காப்பில் இருக்கிறது. மாஸ்கோவிலோ 1938இல் ஐசன்ஸ்டைனின் 'அலெக்சாண்டர் நெவ்ஸ்கி' திரைப்படம் அதே ஜெர்மானிய நைட்டைக் கண்ணுக்கு ஒரு சிலுவைப் பிளவு மட்டுமே உள்ள வாளி முகமாக்கி, உறைந்த ஏரியில் மூழ்கடித்தது; 1939இல் ஹிட்லரோடு ஒப்பந்தம் வந்ததும் படம் திரையரங்குகளிலிருந்து எடுக்கப்பட்டது, 1941இல் ஜெர்மனி படையெடுத்ததும் திரும்பி வந்தது. 1944இல் லாரன்ஸ் ஒலிவியே எடுத்த 'ஐந்தாம் ஹென்றி' திரைப்படத்தில் பிரெஞ்சு நைட் கப்பிக் கயிற்றால் குதிரைமேல் இறக்கப்படுகிறார். வரலாற்றில் நடக்காத இக்காட்சி இன்றுவரை பலர் நம்பும் செய்தியாகிவிட்டது.

1975இல் மான்ட்டி பைத்தன் குழுவினர் எடுத்த ஆர்தர் மன்னர் நகைச்சுவைப் படத்தில், குதிரை இல்லாமல் தேங்காய்ச் சிரட்டையைத் தட்டிக் குளம்பொலி எழுப்பிக்கொண்டு நடக்கும் நைட்களை வெள்ளை முயல் ஒன்று கடித்துக் கொல்ல, மற்றவர்கள் ஓட்டம் பிடிக்கிறார்கள். பார்த்தவர்களுக்கு அது இக்காலக் குறும்பாகவே பட்டது. பாரிஸின் நோத்ர தாம் பேராலயத்து மேற்கு வாயிலில், நற்பண்புகளையும் தீய பண்புகளையும் இணையிணையாகச் செதுக்கிய 13ஆம் நூற்றாண்டுச் சிற்ப வரிசையில், கோழைத்தனத்தைக் குறிக்கும் நைட் வாளைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறார். பின்னால் துரத்துவது ஒரு குழிமுயல்.